பொருத்தனைப் பிள்ளை

மகள் யுவனேஸ்வரி சபை ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொல்லும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது என்று சொல்லிவிட்டாள் சீதா. சொல்லி மூன்று நாளாகிறது. வீட்டில் படுத்துக் கிடந்தாளா என்றால் அதுவும் இல்லை. அந்த வெறும் வயிற்றோடு காலை ஏழு மணிக்கு மலையேறிப் போய், கத்திரியைப் பிடித்துத் தேயிலைக் கொழுந்து வேறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடிவாதம் கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டத்துச் சனங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இது பிடிவாதமில்லை, பயம். பதினெட்டு வயதுப் பெண்ணை ஆண்டவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பெற்றவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

சீதாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். புருஷன் பழனியப்பன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டினான். ஆறு வருஷம் பிள்ளையில்லை. அவன் கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. கடைசியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று கம்போங் ராஜா கடைவரிசையின் மாடியில் இருக்கும் சபைக்குப் போனவள், அங்கேயே இயேசுவிடம் தங்கிவிட்டாள். பழனியப்பன் வீட்டார் குதித்தார்கள். அவனோ, "அவளுக்கு மனசு நல்லா இருந்தா சரிலா" என்று சொல்லி விட்டுவிட்டான். நல்ல மனுஷன்.

இருபத்து நான்காவது வயதில் அவள் ஒரு பொருத்தனை செய்தாள். ஒரு பிள்ளையைக் கொடும் ஆண்டவரே, அதை உம்முடைய ஊழியத்துக்கே ஒப்புக்கொடுக்கிறேன் என்று. வருஷம் திரும்புவதற்குள் பிள்ளை பிறந்தது. சாமுவேல் என்று பெயரெல்லாம் தயாராக வைத்திருந்தாள், பிறந்தது பெண். பதியப் போன பழனியப்பன் தன் அக்கா சொன்ன பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். பெயர் எதுவாக இருந்தால் என்ன, தமக்குக் கொடுத்தது ஆண்டவருக்குத் தெரியாதா என்று சீதா அதைப் பெரிதுபடுத்தவில்லை. இப்படிப் பொருத்தனைப் பிள்ளைகள் எல்லாச் சபையிலும் ஒன்றிரண்டு உண்டு. பிள்ளையைக் கேட்டுக்கொண்டா கொடுக்கிறார்கள்?

சபையின் ஆண்டு விழாவில் வருஷா வருஷம் சீதா இந்தச் சாட்சியைச் சொல்வாள். சனங்கள் கைதட்டுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குட்டி யுவா தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று எழுந்து நின்று சிரிப்பாள். பதின்மூன்று வயதில் அந்தச் சிரிப்பு நின்றது. "நான் மிஸியாத்தான் ஆகப் போறேன், ஆஸ்பத்திரியில வேலை செய்யப் போறேன்" என்றாள் ஒரு நாள். சீதா அன்றைக்கு என்னவோ நல்ல மனநிலையில் இருந்தாள், "ஆகேன், யாரு வேணாங்கறா" என்று சொல்லிவிட்டாள். அதே மாதம் பழனியப்பனின் லோரி ஈப்போ பக்கம் இறங்கும்போது, பனிமூட்டத்தில் வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டது.

அன்றிலிருந்து ஐந்து வருஷம். சீதாவின் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: வாக்கு மாறினேன், ஒருவரை எடுத்துக்கொண்டார். மறுபடி மாறினால் இவளை எடுப்பார். சபையில் யாரும் இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே போட்டு அவளே கூட்டிய கணக்கு.

இப்போது பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்த யுவாவுக்கு ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. திரிங்காப்பில் பூத்தோட்டத்துக் கொட்டகையில் மூன்று மாதம் பூக்கட்டு போட்டுச் சம்பாதித்ததில் தாதிகள் போடும் வெள்ளைச் சப்பாத்துகூட வாங்கி வைத்துவிட்டாள்.

"திங்கக்கிழமை ரெஜிஸ்டர் பண்ணணும்மா. போகலன்னா என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள்.

"சனிக்கிழமை பைபிள் காலேஜ்லேருந்து டீச்சர் வராங்க. இன்டர்வியூவுக்கு உன் பேரைக் குடுத்தாச்சு."

"என்னைக் கேட்டியா?"

"உன்னைக் கேக்க என்னடி இருக்கு? நீ பொறக்கறதுக்கு முன்னாடி குடுத்த வாக்கு."

"குடுத்தது நீதானே? நான் இல்லையே."

"ஐயோ, பேசாதடி! உங்கப்பாவை எடுத்துக்கிட்டாரு. அடுத்து உன்னை எடுப்பாரு. அதையும் நான் பாக்கணுமா?"

"அப்படிப்பட்ட ஆண்டவர்கிட்டயா என்னை வேலைக்கு அனுப்புற?" என்று கேட்டாள் யுவா.

கேள்வி சுட்ட கோபத்தில்தான் சீதா சோற்றுத் தட்டைத் தள்ளினாள். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பட்டினி.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் தேயிலை நிரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தவள் கத்திரியோடு சரிந்தாள். பக்கத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடித்துக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். கங்காணி கந்தன் மேலேயிருந்து கத்திக்கொண்டே இறங்கினார். "தண்ணி கொண்டாங்க லா! இந்தாம்மா சீதா, சாப்பிடாம மலைக்கு வரச் சொல்லி எந்தச் சாமிம்மா சொல்லிச்சு? உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா ஆபீசுல யாரு பதில் சொல்றது?" திட்டிக்கொண்டேதான் தன் மோட்டார் சைக்கிளில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

யுவா கஞ்சி வைத்தாள். ஆற்றினாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். சீதா வாயை இறுக்கிக்கொண்டாள்.

"சரிம்மா. போறேன்."

"எங்க?"

"பைபிள் காலேஜுக்கு. கஞ்சியைக் குடி."

அல்லேலூயா என்று கத்தியிருக்க வேண்டும் சீதா. கஞ்சியை மட்டும் குடித்தாள். யுவா எழுந்து போய்ச் சப்பாத்துப் பெட்டியை அலமாரி மேலே கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. வீட்டைப் பெருக்கினாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முகத்தில் மட்டும் எதுவுமே இல்லை. துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. அந்த மாதிரி ஒரு முகத்தைச் சீதா இதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அதை நினைக்கக்கூடாது என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

சனிக்கிழமை வந்தது. சபைக்குக் கீழே உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. மருந்து வாடை மாடிப்படி ஏறிக் கூடம் வரை வரும். பாஸ்டர் சாமிநாதன் மேசை போட்டு, பூவும் வைத்திருந்தார். ஈப்போவிலிருந்து வந்த அன்பரசி டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காத மனுஷி. விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"ஆண்டவர் உன்னை எப்பம்மா கூப்பிட்டாரு?"

பாஸ்டர் முந்திக்கொண்டார். "பொருத்தனைப் பிள்ளை சிஸ்டர். நம்ம சபையே சாட்சி."

"அது அம்மாவோட சாட்சி, பாஸ்டர். நான் இந்தப் பிள்ளையைக் கேக்கறேன்."

யுவா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னைக் கூப்பிடல டீச்சர். நானும் ஜெபம் பண்ணிப் பாத்தேன். நெசமா கூப்பிட்டாருன்னா சண்டையில்லாம போயிடலாமேன்னு ரொம்பக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. நான் அம்மாவுக்காகத்தான் வரேன். வரலன்னா அவங்க செத்துருவாங்க."

பாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சீதாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்களைக் கூப்பிட்டாரா?"

இருபது வருஷத்தில் இதை யாரும் அவளைக் கேட்டதில்லை. "ஆறு வருஷமா பிள்ளையில்லாம..." என்று பழகிய சாட்சியைத் தொடங்கினாள். நாலு வார்த்தைக்கு மேல் போகவில்லை. கீழேயிருந்து மருந்து வாடை வந்துகொண்டிருந்தது. சீதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கூப்பிட்டாரு" என்றாள்.

பிறகு சொன்னாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீடு தள்ளி மணியம்மா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் குடிகாரன், கை நீட்டுகிறவன். ஒரு நாள் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மணியம்மாவின் முகத்தைச் சீதா பார்த்தாள். அதில் எதுவுமே இல்லை.

"போய் அவகிட்ட பேசுன்னு எனக்குள்ள சொல்லுச்சு டீச்சர். தோளைப் பிடிச்சுத் தள்ற மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயம். ஆறாங் கிளாஸ் படிச்சவ, புதுசா சபைக்குப் போறவ, நான் என்னத்தைப் பேச? மதம் மாத்த வந்துட்டான்னு பேசுவாங்க. நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டேன். மறுநாளும் சொல்லுச்சு. அதுக்கு மறுநாளும் சொல்லுச்சு. நாலாவது நாளு மணியம்மா புல்லு மருந்தைக் குடிச்சிட்டா."

சீதா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"அவளைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குத்தான் முட்டி போட்டேன். எனக்குப் பேசத் தெரியாது, படிப்பும் இல்ல, என்னை விட்டுருங்க. ஒரு பிள்ளையைக் குடுங்க, நல்லா படிக்க வெச்சு அதை உங்களுக்கு அனுப்புறேன்னு சொன்னேன். பெரட்டுல ஆள் மாத்தி நிக்கற மாதிரி."

அந்தக் காலத்தில் தோட்டத்தில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி பெயர் வாசிப்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மகள் அந்த இடத்தில் நின்று அம்மாவின் பெயருக்குக் குரல் கொடுப்பாள். கங்காணிக்குத் தெரியும், கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சீதாவே பள்ளி விடுமுறையில் தன் அம்மாவுக்காக நின்றிருக்கிறாள். இப்போது கைரேகை மெஷின் வந்து அதெல்லாம் ஒழிந்துவிட்டது. ஆனால் இருபத்து நாலு வயதுச் சீதா ஆண்டவரையும் ஒரு கங்காணி என்று நினைத்துவிட்டாள், பாவி. தலை ஒன்று குறையாமல் இருந்தால் அவருக்குப் போதும் என்று நினைத்துவிட்டாள்.

யுவா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் உனக்குப் பதிலுக்கு நிக்கத்தான் பொறந்தேனாம்மா?"

இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கும் நாக்கு துடிக்கும். சீதாவுக்கும் துடித்தது. "ஆமாண்டி" என்றாள்.

பிள்ளை படியிறங்கிப் போய்விட்டது. பின்னால் ஓடப் பார்த்த பாஸ்டரை டீச்சர் கைகாட்டி நிறுத்தினார்.

"இப்ப நான் வரலாமா டீச்சர்?" சீதா மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "என்னைச் சேத்துக்குவீங்களா? பெருக்குவேன், சமைப்பேன், எது சொன்னாலும் செய்வேன்."

அன்பரசி டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். "காலேஜுல முப்பத்தஞ்சு வயசுக்குள்ளதாம்மா எடுப்போம். எஸ்.பி.எம்.மும் இருக்கணும்."

"அப்ப எனக்கு இனிமே இல்லையா?"

பாஸ்டர்தான் மெதுவாக, "பொருத்தனை பண்ணிட்டு மாறக் கூடாதுன்னு வசனம் இருக்கு சிஸ்டர்" என்றார். அவரும் பயந்துபோயிருந்தார். "பிள்ளைய அனுப்புறதுதான் நல்லது. அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை அனுப்பலையா?" டீச்சர் அவரை மறுத்து ஏதோ சொல்ல, அவர் வேறொரு வசனம் எடுக்க, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சீதா அதைக் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் முட்டி போட்டாள்.

"ஆண்டவரே, இவ ஆஸ்பத்திரிக்கே போகட்டும். நான் குடுத்த வாக்கை நானே மீறுறேன், தெரிஞ்சேதான் மீறுறேன். அடிக்கணும்னா என்னை அடிங்க. கையை எடுங்க, காலை எடுங்க. பிள்ளைய விட்டுருங்க."

பாஸ்டர் ஆமென் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கம்போங் ராஜாவில் ஈப்போ பஸ் ஏறினாள் யுவா. இரண்டு நாளாக அம்மாவிடம் தேவைக்கு மட்டும்தான் பேசியிருந்தாள். சீதாவே அலமாரி மேலிருந்து இறக்கிக் கொடுத்த சப்பாத்துப் பெட்டி பைக்குள் இருந்தது. பிள்ளையின் தலையில் கை வைக்கலாமா கூடாதா என்று சீதா கையைத் தூக்கியபடியே தயங்க, யுவா தானாகத் தலையைக் கொஞ்சம் குனிந்தாள். "சேர்ந்ததும் கூப்பிடுடி" என்றாள் சீதா. "ம்" என்றாள் பிள்ளை. பஸ் அதே ரோட்டில், பழனியப்பன் போன அதே வளைவுகளை நோக்கி, அதே மாதிரி ஒரு பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சீதா லீவு போட்டிருந்தாள். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் போனது, இரண்டரையானது. கூப்பிட்டுப் பார்த்தால் லைன் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் ஆனது. பள்ளத்தில் கிடக்கும் பஸ் கண்முன் வந்து வந்து போனது. பஸ்ஸுக்குள் இருக்கும் மற்றவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ, தன்னால் அவர்களுக்குமா என்று நினைத்தபோது உட்கார முடியவில்லை. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்து ரோட்டில் இறங்கி, மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தாள்.

கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அது விக்னேஸ்வரியின் வீடு. இருபத்தாறு வயது. போன மாதம் பிறந்த பிள்ளை மூன்றாம் நாளே தவறிவிட்டது. அவள் புருஷன் மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிட்டான். பகலெல்லாம் ஒற்றையாகக் கிடந்தாள். அவள் வெளியே தலைகாட்டி நாலு நாளாகிறது என்று குழாயடியில் காலையில்தான் பேசிக்கொண்டார்கள். சீதா அந்தக் கதவைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினாள். மூன்றாவது தடவை கால் நகரவில்லை. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"இன்னிக்கா?" என்று வாய்விட்டே கேட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "என் பிள்ளை இருக்காளா இல்லையான்னே தெரியலையே ஆண்டவரே, இன்னிக்கா? எனக்கே ஆறுதல் இல்லாம நிக்கறேன், இன்னிக்குத்தானா உமக்கு நான் வேணும்?"

தோளில் இருந்த தள்ளல் போகவில்லை.

கதவைத் தட்டினாள். சத்தமில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். நாலாவது தடவைக்குத் தாழ் விலகியது. தலை வாராமல், சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்க, விக்னேஸ்வரி நின்றாள். முகத்தில் எதுவுமே இல்லை. சீதா மனப்பாடம் பண்ணியிருந்த வசனமெல்லாம் எங்கே ஓடிப் போனதோ, ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பசியாறுனியா?" என்றாள்.

விக்னேஸ்வரி அவளையே பார்த்தாள். உதடு கோணியது. "பால் இன்னும் வருதுக்கா" என்றாள். "நிக்கவே மாட்டேங்குது. நான் என்னக்கா பண்ணுவேன்?"

ஐயோ என்று சீதா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மாதம் பூராவும் தேக்கி வைத்திருந்த அழுகை அந்தப் பெண்ணிடமிருந்து ஊளையாக வெளிவந்தது. சீதாவும் அழுதாள். யாருக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு நேரமோ. கைப்பேசி அடித்தது. எடுத்தாள்.

"அம்மா, சேர்ந்துட்டேன். வழியில மண்ணு சரிஞ்சு பஸ் நின்னு போச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, லைன்தான் கிடைக்கல. பயந்துட்டியாம்மா?"

சீதா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள் பிள்ளை. அந்தக் குரலைப் பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மடியில் கிடந்த விக்னேஸ்வரி அவள் கைலியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"யுவா, நான் வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

"லீவுதானேம்மா இன்னிக்கு? யாரு வேலை?"

"என் வேலைடி" என்றாள் சீதா. "வை."